இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூ

(முட்டுக்காட்டில் நடைபெற்ற முன்னாள் மாணவர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் படகுச் சவாரி முடிந்தது. மதியம் பிரியாணியும் முடிந்தது. இந்த நேரத்தில் ஒருவனை மேடையில் ஏற்றி "நிர்வாகத்தில் முடிவெடுத்தல்" என்று பேசச் சொல்வது, அவனுக்கும் கேட்பவர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும் தண்டனை. வெளியே காயல் காற்று வேறு நன்றாக வீசுகிறது. தூங்குகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம். வகுப்பில் செய்ததுதானே, புதிதாக ஒன்றும் இல்லை.

நான் பெரிய நிர்வாகி இல்லை. செங்கல்பட்டுக்கு இந்தப் பக்கம், ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் 31 வருஷம் வேலை பார்த்தேன். சூப்பர்வைசராகச் சேர்ந்து, பிளாண்ட் மேனேஜராக ஓய்வு பெற்றேன். அங்கே கற்றதில் ஒன்றை மட்டும் இன்று சொல்கிறேன். அது எந்த மேனேஜ்மெண்ட் கோர்ஸிலும் கற்றது இல்லை. கோயிலிலும், கல்வெட்டிலும், நம் ஹாஸ்டல் வார்டன் ஃபாதரிடமும் கற்றது.

முதலில் கோயில். எங்கள் கிராமத்தில் பெண் எடுப்பது, நிலம் வாங்குவது, கிணறு வெட்டுவது எதுவானாலும் பூ கட்டிப் பார்ப்பார்கள். உங்களில் பலருக்குத் தெரியும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அம்மன் முன்னால் போட்டுவிட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். எங்கள் ஊரில் வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம். கல்லூரியில் பௌதிகம் படித்த திமிரில் நான் அப்பாவிடம், "இதென்னப்பா, காசு சுண்டிப் போடுற மாதிரி" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பூ எடுக்கறதுக்கு முந்தி அரை மணி நேரம் எல்லாரும் உட்கார்ந்து பேசினோமே, அதைப் பார்த்தியா?" என்றார்.

அப்போது புரியவில்லை. பூ கட்டுவதற்கு முன்னால், என்ன கேட்கிறோம் என்பதைச் சபையில் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். எந்தப் பூ வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று எல்லாரும் மனசளவில் ஒப்புக்கொள்ள வேண்டும். எடுக்கிற கை, லாப நஷ்டம் தெரியாத கையாக இருக்க வேண்டும். கடவுள் நம்பிக்கை உள்ளவருக்கு அது அம்மன் உத்தரவு. இல்லாதவர் பார்த்தாலும் மறுக்க முடியாத ஒன்று உண்டு: "எனக்கு வேண்டியது நடக்கணும்" என்கிற பிடிவாதத்தைக் கொஞ்ச நேரம் கீழே இறக்கி வைக்கும் ஏற்பாடு அது.

அடுத்து கல்வெட்டு. இங்கிருந்து செங்கல்பட்டு போய், அங்கிருந்து தென்மேற்கே பஸ் பிடித்தால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919-ஆம் ஆண்டில் ஒன்று, 921-ஆம் ஆண்டில் ஒன்று. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இப்போதைய வார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போடுவார்கள். சபை கூடியிருக்க, நம்பிமார்களில் மூத்தவர் குடத்தை எல்லாரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு பாலகன் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிற மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் இடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைக்கக் கூடாது அல்லவா! பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும்.

நம்பிமார் கோயில் பணி செய்பவர்கள். குழந்தை எடுப்பதும் கோயிலில் பூ எடுக்கிற அதே வழக்கம். ஆனால் தேர்ந்தெடுத்தது எதற்கு? ஏரி வாரியத்துக்கு, தோட்ட வாரியத்துக்கு, பொன் வாரியத்துக்கு. ஏரியில் தூர் வாருவது, பொன்னின் மாற்றுப் பார்ப்பது எல்லாம் சுத்தமான லௌகிக வேலை. மத வழக்கத்தை எடுத்து லௌகிக நிர்வாகத்தில் பயன்படுத்துவது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது இல்லை, நண்பர்களே. நம் செங்கல்பட்டுச் சீமையில் 1,100 வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு. ஒன்று, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. இரண்டாவது, 919-இல் எழுதிய விதியை இரண்டே வருஷத்தில், 921-இல், திருத்தி எழுதினார்கள். கல்லில் வெட்டியதையே மாற்ற மனசு இருந்திருக்கிறது. நாம் போடுகிற சர்க்குலரை மாற்ற எவ்வளவு யோசிக்கிறோம்!

மூன்றாவது, நம் ஃபாதர். நம் கல்லூரி சேசு சபையார் நடத்தும் கல்லூரி. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் சொல்லும் கதைகளை நாம் ஏப்பம் விட்டுக்கொண்டே கேட்போம். அதில் ஒன்று லொயோலா இஞ்ஞாசியார் கதை. 1521-இல் பம்ப்லோனா கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டு அவர் கால் உடைந்தது. படுக்கையில் படிக்க வீரக் கதைகள் கேட்டார். கிடைத்தது கிறிஸ்து சரித்திரமும் புனிதர் வரலாறும்தான். படுத்தபடியே யோசித்தார். அரண்மனை, வீரம், புகழ் என்று கற்பனை செய்தால் அந்த நேரத்துக்கு ஜோராக இருந்தது, பிறகு மனம் வறண்டு போனது. புனிதர்களைப் போல வாழலாமே என்று நினைத்தால் அந்தச் சந்தோஷம் பிறகும் தங்கியது. எது தங்குகிறது, எது வற்றுகிறது என்று கவனித்ததுதான் அவருடைய முறைக்கு ஆரம்பம். அதைத் 'தேர்ந்து தெளிதல்' என்று ஃபாதர் சொல்வார்.

1539-இல் ரோமாபுரியில் அவரும் தோழர்களும், ஏறக்குறைய பத்துப் பேர், ஒரு பெரிய கேள்வியில் மாட்டிக்கொண்டார்கள். ஒரே சபையாகச் சேர்ந்து, நம்மில் ஒருவருக்குக் கீழ்ப்படிவதா, வேண்டாமா? ஆளுக்கு ஓர் அபிப்பிராயம். பகலில் வழக்கமான வேலை, இரவில் கூடிப் பேச்சு. முடிவு வராதபோது ஒரு முறை வகுத்தார்கள். இந்த விஷயத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் தனியாகப் பேசி ஆள் சேர்க்கக் கூடாது. ஒவ்வொருவரும் தான் இந்தக் கூட்டத்தில் இல்லாத மூன்றாம் மனிதன் என்று நினைத்து யோசிக்க வேண்டும். பிறகு, ஒரு நாள் எல்லாரும் 'வேண்டாம்' என்பதற்கான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும். மறுநாள் எல்லாரும் 'வேண்டும்' என்பதற்கான காரணங்களை மட்டும் சொல்ல வேண்டும். இப்படித்தான் ஒருமனதாக முடிவுக்கு வந்தார்கள். அடுத்த வருஷம், 1540-இல், போப்பாண்டவர் அங்கீகாரம் கிடைத்தது.

இன்னொரு விதியும் ஃபாதர் சொல்வார். மனம் சோர்ந்து, இருண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. பரீட்சையில் பெயிலாகி ஊருக்கு மூட்டை கட்டிய நம்மில் சிலரை இந்த ஒரு வாக்கியம் சொல்லித்தான் நிறுத்தினார். அதில் ஒருவன் இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். அவன் மனைவி சிரிப்பதிலிருந்து கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் இருக்கிறார்கள். அவர்கள் சபைக் காரியம் பேசும் கூட்டத்தையே வழிபாடாகத்தான் நடத்துவார்கள். ஓட்டெடுப்பு கிடையாது. மௌனத்தில் ஆரம்பிப்பார்கள். எல்லாரும் பேசி முடித்த பிறகு, கூட்டத்தின் மனம் இதுதான் என்று எழுத்தர் எழுதி வாசிக்க, ஒப்புக்கொண்டால் அதுவே தீர்மானம். நாம் சாப்பிடும் கேட்பரி சாக்லேட்டைத் தொடங்கிய குடும்பம் அந்தப் பிரிவைச் சேர்ந்ததுதான். சேசு சபையாரும் சும்மா இருக்கவில்லை. 1949-இல் ஜாம்ஷெட்பூரில் எக்ஸ்.எல்.ஆர்.ஐ., 1979-இல் சென்னையில் லிபா என்று நிர்வாகக் கல்லூரிகளையே தொடங்கினார்கள். சேசு சபையில் பயிற்சி பெற்று, பிறகு ஜே.பி. மார்கன் வங்கியில் வேலை பார்த்த கிறிஸ் லௌனி என்பவர், இஞ்ஞாசியார் வழியை நிர்வாகத்துக்கு வைத்து 2003-இல் ஒரு புத்தகமே எழுதினார்.

சரி, இவ்வளவும் தெரிந்த நான் என்ன செய்தேன்? இங்கேதான் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு விஷயம் சொல்ல வேண்டும்.

2003-ஆம் வருஷம் என்று நினைவு. காலை ஷிப்டை ஏழு மணியிலிருந்து ஆறு மணிக்கு மாற்ற நினைத்தோம். நான் அப்போது புதிதாக மேனேஜர் ஆன உற்சாகத்தில் இருந்தேன். எல்லா டிபார்ட்மெண்டிலிருந்தும் ஆட்களைக் கூப்பிட்டு, ஐந்து நிமிஷம் மௌனம், பிறகு "ஒவ்வொருவரும் மனம் திறந்து பேசுங்கள்" என்றேன். பேசினார்கள். நான் தலையாட்டினேன். கடைசியில், "அனைவரின் கருத்தையும் கேட்டு, ஆறு மணி என்று முடிவு செய்யப்படுகிறது" என்றேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஸ்டோர் கீப்பர் மட்டும் நின்றார். என்னைவிட வயதில் மூத்தவர். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நோட்டீஸ் அடிக்கிற காகிதம் என்கிட்டதானே போன வியாழக்கிழமை வாங்கினாங்க? எங்க ஊர்ல பூ கட்டிப் போடுவோம். ரெண்டு பொட்டலத்திலயும் வெள்ளைப் பூவையே வச்சுக் கட்டிட்டு, எடுடா கண்ணுன்னு குழந்தையக் கூப்பிட்ட மாதிரி இருக்குது சார்" என்றார்.

நண்பர்களே, எனக்குப் பதில் வரவில்லை. முன்பெல்லாம் முடிவை அறிவித்தால் திட்டிவிட்டுப் போவார்கள். இப்போது மௌனம், மனம் திறப்பு என்று புனிதமான வேஷத்தையும் போட்டு ஏமாற்றியிருக்கிறேன். அது அதைவிடக் கேவலம். பலனும் அதற்கேற்றபடிதான் இருந்தது. மதுராந்தகம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஆறு மணிக்கு வந்து சேரப் பஸ் இல்லை. அதைக் கூட்டத்திலேயே சொன்னார்கள், என் காதில் ஏறவில்லை. பேக்கிங்கில் இருந்த ஒரு பெண், கைக்குழந்தையை அந்த நேரத்தில் விட்டுவர ஆள் இல்லாமல் வேலையை விட்டார். மூன்று மாதத்தில் ஷிப்ட் பழையபடி ஏழு மணிக்கே வந்தது. அந்தப் பெண் திரும்பி வரவில்லை.

2008 கடைசியில் உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது ஞாபகம் இருக்கும். வண்டி விற்பனை படுத்தது, எங்கள் ஆர்டரும் படுத்தது. முலாம் பூசும் பிரிவை மூடிவிட்டு வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்று தலைமை அலுவலகம் சொன்னது. அந்தப் பிரிவில் 38 பேர். இரண்டு நாளில் பதில் வேண்டும் என்றார்கள். எனக்கு ஃபாதர் ஞாபகம் வந்தார். எல்லாரும் பயந்துபோயிருக்கும் நேரத்தில் எடுக்கும் முடிவு பயத்தின் முடிவாகத்தான் இருக்கும். மூன்று வாரம் கேட்டேன். கெஞ்சித்தான் வாங்கினேன். வங்கி வட்டி காத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். அதனால் மூன்று வாரத்துக்கு மேல் கேட்கவில்லை.

இந்த முறை உண்மையிலேயே எந்த முடிவும் எடுக்காமல் உட்கார்ந்தேன். அதுதான் ரொம்பக் கஷ்டம். பதினோரு பேர். கணக்கு, கொள்முதல், தரக் கட்டுப்பாடு, யூனியன் செயலாளர், அந்தப் பிரிவிலிருந்து இரண்டு தொழிலாளிகள். விதி, ரோமாபுரி விதிதான். யாரும் யாரையும் தனியாகச் சந்தித்து ஆள் பிடிக்கக் கூடாது. சனிக்கிழமை, எல்லாரும் மூடக் கூடாது என்பதற்கான காரணம் மட்டும் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை, எல்லாரும் மூட வேண்டும் என்பதற்கான காரணம் மட்டும். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம் மௌனம். சாமி கும்பிடுகிறவர் கும்பிடலாம், கும்பிடாதவர் ஜன்னலைப் பார்க்கலாம். இது எந்த மதத்திலிருந்து வந்தது என்று நானும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

சனிக்கிழமை, மூடியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற கொள்முதல் அதிகாரி பேச வேண்டிய முறை வந்தது. மூடக் கூடாது என்பதற்கு அவரும் காரணம் சொல்லியாக வேண்டுமே! கொஞ்சம் திணறினார். பிறகு, "வெளியே கொடுத்தால் ஏற்றி இறக்கும் செலவு, ரிஜெக்ட் ஆகும் பாகத்தின் செலவு இரண்டையும் நான் கணக்கில் சேர்க்கவில்லை" என்றார். அவரே சொன்னார்.

திங்கட்கிழமை, அந்தப் பிரிவின் தொழிலாளி முறை. இருபது வருஷ சர்வீஸ். மூட வேண்டும் என்பதற்கு அவர் காரணம் சொல்ல வேண்டும். ரொம்ப நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஆசிட் புகையில எங்க மூக்கெல்லாம் புண்ணு சார். ரத்தம் வருது. சொன்னா வேலை போயிடும்னு சொன்னதில்ல. என் பையன நான் அந்த டிபார்ட்மெண்ட்ல சேர்க்க மாட்டேன்" என்றார். அறையில் சத்தமே இல்லை. யூனியன் செயலாளர் தலையைக் குனிந்துகொண்டார். நானும்தான். குரோமிக் அமிலப் புகை மூக்கின் உள்சுவரை அரிக்கும் என்பது தொழில் மருத்துவத்தில் பழைய விஷயம். பக்கத்திலேயே இருந்தும் நாங்கள் யாரும் கேட்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். வழக்கமான பேச்சுவார்த்தையில் அவர் இதைச் சொல்லியிருப்பாரா? சொன்னால் அவர் கட்சி பலவீனப்படும். கொள்முதல் அதிகாரிதான் தன் கணக்கில் ஓட்டை என்று ஒப்புக்கொள்வாரா? தன் பக்கத்தைக் காப்பாற்ற வேண்டியவனால் முழு உண்மையைச் சொல்ல முடியாது. தனக்கு எதிரான உண்மையையும் மானம் போகாமல் சொல்ல ஒருவனுக்கு இடம் கொடுப்பதுதான் இந்த முறைகளின் ரகசியம். குழந்தை எடுக்கும் பூ, விரித்த ஐந்து விரல், குவேக்கர் மௌனம் எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. 'நான்' என்பதை ஒரு படி கீழே இறக்குகின்றன.

முடிவு என்ன ஆயிற்று? பிரிவை மூடினோம். ஆனால் பத்து மாதத்தில், படிப்படியாக. எல்லாருக்கும் மருத்துவப் பரிசோதனை செய்தோம். 38 பேரில் 31 பேருக்கு மெஷின் ஷாப்பிலும் அசெம்பிளியிலும் பயிற்சி கொடுத்து இடம் கொடுத்தோம். ஏழு பேர் கணக்கு முடித்துப் போனார்கள். அதில் ஒருவர் போட்ட கடை ஓடவில்லை. இன்றும் என்னைத் திட்டுகிறார் என்று கேள்வி. திட்டட்டும். நல்ல முறையில் எடுத்த முடிவிலும் அடிபடுகிறவன் இருப்பான். அவன் கோபத்தை "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு" என்று சொல்லித் தட்டிக்கழிக்கக் கூடாது. கையெழுத்து என்னுடையது. கணக்குக் காட்ட வேண்டியவன் நான். உத்திரமேரூர் விதி அதுதானே!

இளையவர்கள் பலர் இங்கே கம்பெனி நடத்துகிறீர்கள், ஐ.டி.யில் டீம் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு மூன்றே எச்சரிக்கை சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

முதலாவது, முறையை எடுங்கள், சாமியை ஆபீசுக்குள் இழுக்காதீர்கள். உங்களிடம் வேலை பார்ப்பவர் வேறு மதமாக இருக்கலாம், மதமே இல்லாதவராக இருக்கலாம். சம்பளம் கொடுப்பவன் கும்பிடச் சொன்னால் அது பக்தி இல்லை, பயம்.

இரண்டாவது, குடத்தில் யார் பெயர் இல்லை என்று பாருங்கள். உத்திரமேரூரைப் பெருமையாகப் பேசினேன். ஆனால் அந்தக் குடத்தில் ஓலை போட, வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும். ஏரியில் இறங்கி மண் சுமந்தவன் பெயர் அதில் இருந்திருக்காது. 2003-இல் என் கூட்டத்திலும் அந்தப் பேக்கிங் பெண் இல்லை. அவர் சார்பில் சூப்பர்வைசர்தான் உட்கார்ந்திருந்தார். முடிவு யார் தலையில் விழுமோ, அவர் அறையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே முடிவு எடுத்துவிட்டீர்களா? நல்லது. "முடிவு எடுத்தாயிற்று, இதுதான் காரணம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஆனால் கேட்பது போல் மட்டும் நடிக்காதீர்கள். காகிதம் எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பது ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும்.

அந்த ஸ்டோர் கீப்பர் ஓய்வு பெற்ற நாளில் மாலை போட்டுவிட்டு, "அன்றைக்கு நீங்கள் சொல்லவில்லை என்றால் நான் கடைசி வரை நடித்துக்கொண்டே இருந்திருப்பேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சொன்ன அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல சார், வேலை போயிடுமோன்னு" என்றார். நிர்வாகத்தில் இருப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. நமக்கு நல்லது சொல்கிறவன், தன் தூக்கத்தைக் கொடுத்துத்தான் சொல்கிறான்.

டீ வந்துவிட்டது என்று செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். தூங்கியவர்கள் எழுந்துகொள்ளலாம்.